வாடகைக்கு வந்த பிளேக்

"அய்யோ...! அக்கா...! ஓடி வாங்க அக்கா...!"

அலறல் பின்கட்டிலிருந்து வந்தது.

வடிவு கையிலிருந்த பால் பாத்திரத்தை அப்படியே தரையில் வைத்தாள். ஓடினாள்.

1994, அக்டோபர் முதல் வாரம். புதன்கிழமை காலை ஏழு மணி. மைசூர், விஜயநகரின் கடைசித் தெரு. சுற்றிலும் காலி சைட்டுகள். நடுவில் தனியாக ஒரு வீடு. முன்பக்கம் வடிவு குடிவந்து மூன்று நாள்தான் ஆகிறது. பின்பக்கம் வீட்டுக்காரர் சுப்பையாவும் அவர் மனைவி உமாதேவியும்.

கட்டிலில் சுப்பையா கிடந்தார்.

இடது காலில் தொடை வரை மாவுக்கட்டு. வாயோரம் காய்ந்த நுரை. பாதி திறந்த கண்கள் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தன.

மின்விசிறி ஓடவில்லை. அவரும்தான்.

உமாதேவி தரையில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது. அவிழ்ந்த கூந்தல்.

"மூச்சு இருக்கா பாருங்க அக்கா... நீங்க ஆஸ்பத்திரிக்காரங்க... பாருங்க..."

வடிவு நாடி பார்த்தாள். இமையை விலக்கிப் பார்த்தாள். இருபது வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆயா. எத்தனையோ கண்களை மூடிவிட்ட கை அது.

இந்தக் கண்களையும் மூடியது.

"போயிட்டாருங்க கண்ணு."

உமாதேவி அழவில்லை. வடிவின் முழங்கையைப் பிடித்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அக்கா... இது... அதுவா?"

"எது?"

"பிளேக்..."

வடிவு தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

பிளேக்! அப்படியானால் அதை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தது யார்...?

நான்தானா...?

* * *

சூரத்தில் பிளேக் என்று ரேடியோ சொன்ன நாளிலிருந்து மைசூருக்குத் தூக்கம் போய்விட்டது.

மைசூரில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. பயம் மட்டும் ரயிலேறி வந்துவிட்டது! தெருவில் பாதி முகங்களைக் காணோம். கைக்குட்டைக்குப் பின்னால் இருந்தன. மருந்துக்கடைகளில் டெட்ராசைக்ளினுக்கு அடிதடி. மளிகைக்கடைகளில் அரிசி பருப்புக்கு முன்னால் எலிப் பாஷாணம் விற்றுத் தீர்ந்தது.

ஆஸ்பத்திரியில் அவசரமாக ஒரு தனி வார்டு திறந்தார்கள். பத்துக் கட்டில். ஒரு ஆயா.

வடிவு.

நாற்பத்தேழு வயது. சொந்த ஊர் கொள்ளேகால் பக்கம், தமிழ் பேசும் மார்டள்ளி. புருஷன் கல்குவாரி வெடியில் போய்ச்சேர்ந்த வருடம் மைசூருக்கு பஸ் ஏறியவள். பிள்ளை இல்லை. தேடி வர ஒரு சொந்தம் இல்லை. கே.ஜி. கொப்பலில் ஒரு அறை, ஒரு ஸ்டவ், ஒரு டிரங்குப் பெட்டி. அதுதான் குடும்பம்.

அந்த அறைக்கும் ஆபத்து வந்தது. வீட்டுக்காரி பசம்மா தெருவில் நின்றபடியே கத்தினாள்.

"வடிவம்மா! நீ வீட்டைக் காலி பண்ணிடு. பிளேக் வார்டுல வேலை பாக்கறியாமே!"

"வார்டுதானுங்க இருக்குது. நோயாளி ஒருத்தரும் இல்லீங்களே! பத்துக் கட்டிலும் காலி. நான் சும்மா தொடைச்சுக்கிட்டுத்தான் இருக்கறனுங்க."

"இன்னிக்குக் காலி. நாளைக்கு ஆள் வந்தா?"

"பதினோரு வருசம் இங்க இருந்திருக்கறனே அம்மா..."

"அதனாலதான் ஒரு வாரம் டைம் தர்றேன்!"

வடிவு ஆறு வீடு ஏறி இறங்கினாள். 'எங்கே வேலை?' என்ற கேள்வி வரைக்கும் எல்லாம் சுகம். பதில் சொன்னதும் கதவு. ஒரு வீட்டில் அவள் நின்ற இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். அவள் கேட் தாண்டும்வரை கூடப் பொறுக்கவில்லை.

ஏழாவது வீட்டில் உமாதேவி.

"எங்க வேலை பாக்கறீங்க?"

"ஆஸ்பத்திரியிலங்க. பிளேக் வார்டு ஆயா." திரும்பி நடக்கத் தயாராகத்தான் சொன்னாள் வடிவு.

உமாதேவியின் கண்கள் ஒரு விநாடி விரிந்தன. பிறகு அவள் கையை நீட்டி வடிவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க அக்கா, உள்ளே வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. காபி குடிக்கறீங்களா?"

ஒன்பது நாளாயிற்று, ஒரு மனிதக் கை அவளைத் தொட்டு! அந்தக் காபியில் சர்க்கரை இருந்ததா என்று கூட வடிவுக்குத் தெரியவில்லை. கண்ணீர் உதட்டுக்கு வந்து உப்புக் கரித்தது.

"உங்களுக்கு... பயமா இல்லீங்களா?"

"என்ன பயம் அக்கா! மனுஷங்க இல்லாத வீட்டைவிடவா?"

வடிவு அந்த வீட்டுக்கு நோய் ஒட்டாமல் போய்ச் சேரவேண்டும் என்று உயிரைக் கொடுத்துப் பாடுபட்டாள். வார்டில் டாக்டர் காவேரி சொல்லிக்கொடுத்திருந்தார்... எலியைவிட எலிமேல் இருக்கிற தெள்ளுப்பூச்சிதான் எமன் என்று. புடவைகளை எல்லாம் கொதிக்கும் நீரில் முக்கி எடுத்தாள். மெத்தையை மூன்று நாள் வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவைத்தாள். டிரங்குப் பெட்டியை டெட்டால் தண்ணீரால் கழுவினாள். எலி மோந்திருக்குமோ என்று அரிசி டப்பாவைக் கொட்டிவிட்டாள். பழைய பாயைக் கொளுத்தினாள்.

டெம்போ டிரைவர் சென்னப்பன் முகத்தில் இரண்டு கைக்குட்டை கட்டிக்கொண்டு வந்தான். வண்டியைவிட்டு இறங்கவே இல்லை.

"நீங்களே ஏத்துங்க, நீங்களே எறக்குங்க. நான் ஸ்டியரிங் மட்டும்தான் தொடுவேன்!"

அப்படி வந்த வீடு.

வந்த மூன்றாம் நாள்... பிணம்!

* * *

ஒன்பது மணிக்குள் தெருமுனையில் கூட்டம் கூடிவிட்டது. ஐம்பது அடிக்கு இந்தப்பக்கம் யாரும் வரவில்லை. வந்த ஒரே ஆள் லிங்கப்பன். சுப்பையாவின் தம்பி. கொள்ளேகாலில் பட்டுச்சேலை வியாபாரம். முந்தின நாள்தான் அண்ணனைப் பார்க்க வந்து, லாட்ஜில் தங்கியிருந்தான்.

வாசலில் நின்று வடிவை நோக்கி விரலை நீட்டினான்.

"இவதான்! இவ கொண்டாந்துபோட்டா! நேத்து மத்தியானம் நல்லாப் பேசிக்கிட்டிருந்த மனுசனுங்க. ராத்திரி வாந்தி, காத்தால பொணம்! வேற என்னன்னு சொல்றது?"

"என் சாமானைப் பூரா சுத்தம் பண்ணித்தானுங்க..."

"கிட்ட வராதே! அண்ணி, அவளைத் தொடாதீங்க!"

உமாதேவி கேட்கவில்லை. வடிவின் தோளில் சாய்ந்தே நின்றாள்.

ஜீப்பில் சுகாதாரத்துறை ஆட்கள் வந்தார்கள். முகமூடி, கையுறை, மருந்து தெளிக்கும் பம்பு. கூடவே இன்ஸ்பெக்டர் மஞ்சுநாத். கொள்ளேகால் ஸ்டேஷனில் ஆறு வருடம் இருந்ததில், கன்னடம் தூவின தமிழ் அவருக்கு நன்றாக வரும்.

"ஏனம்மா, எப்ப உடம்புக்கு வந்துச்சு?"

உமாதேவி சொன்னாள். "நேத்து சாயங்காலம் சார். வயித்து வலி, வாந்தி. அக்காவைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னாங்க. இவருதான் விடிஞ்சு பாத்துக்கலாம்னு பிடிவாதம் பண்ணிட்டாரு..."

"ஆயித்து... சரி. ரெண்டு பேரும் இவரைத் தொட்டிருக்கீங்க. ரெண்டு பேரையும் தனி வார்டுல வெக்கணும். பாடியை இன்னிக்கே எரிச்சிடணும். யாரும் கிட்ட போகக்கூடாது. கொத்தாயித்தா... புரியுதா?"

"புரியுது சார்," என்றாள் உமாதேவி.

சுப்பையாவை பிளாஸ்டிக் தாளில் சுற்றினார்கள். முகத்தை யாரும் பார்க்கவில்லை.

வேனில் ஏறும்போது கூட்டத்திலிருந்து ஒரு கல் பறந்து வந்தது.

வடிவின் நெற்றியில்!

* * *

பத்துக் கட்டில் வார்டு. முந்தாநாள் வரை அவள் துடைத்த கட்டில்கள். ஐந்தாவது கட்டிலில் இப்போது அவளே படுத்திருந்தாள். ஆறாவதில் உமாதேவி.

கூட வேலை பார்த்தவர்கள் ஜன்னலுக்கு வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள். கையசைக்கக் கூட மறந்து நின்றார்கள். சாப்பாட்டுத் தட்டை ஒருத்தி கம்பால் தள்ளிவிட்டாள். நர்ஸ் ஒருத்தி ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து, ஆளுக்கொரு டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூலை ஸ்டூலில் வைத்துவிட்டு ஓடினாள்.

வடிவுக்குப் பசிக்கவில்லை.

"நானே கொன்னுட்டன் கண்ணு... நான் உன் வீட்டு வாசப்படி மிதிச்சிருக்கவே கூடாது."

உமாதேவி எழுந்து வந்து அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். நெற்றிக் காயத்தை ஈரத்துணியால் ஒற்றினாள்.

"அப்படிச் சொல்லாதீங்க அக்கா. நீங்க வேணும்னேவா செஞ்சீங்க? விதி."

"உன் புருசனாச்சே..."

"சாப்பிடுங்க. நான் பிசைஞ்சு தரட்டுமா?"

பிசைந்தும் தந்தாள். வடிவு வாங்கித் தின்றாள். தாயின் கைக்குப் பிறகு அவளுக்கு ஊட்டின கை அது.

மூன்றாவது வாய் தொண்டையில் இறங்கும்போதுதான் அந்த எண்ணம் வந்தது.

வடிவு மெல்லுவதை நிறுத்தினாள்.

"கண்ணு... நான் நோயைக் கொண்டாந்திருந்தா, முதல்ல படுத்திருக்க வேண்டியது யாரு?"

"என்ன அக்கா?"

"நான்! எனக்கு ஒரு தும்மல்கூட இல்லையே? இந்த வார்டுக்கு ஒரு நோயாளியும் வரலை. துணியெல்லாம் கொதிக்கவெச்சேன். ஒத்தத் தெள்ளுப்பூச்சிகூட உசிரோட வந்திருக்க முடியாது. அப்புறம் எப்படி?"

உமாதேவி சோற்றுருண்டையோடு கையைத் தாழ்த்தினாள்.

"நேத்து சாயங்காலம் உன் வீட்டுக்காரரைத் தொட்டுப் பாத்தேன். உடம்பு சில்லுனு வேர்த்திருந்துச்சு. காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. அக்குள்ல கட்டி இல்லை. வாந்திதான். அதுலகூட... பூண்டு நாத்தம். சமையல்ல பூண்டு போட்டியா?"

"ஞாபகம் இல்லை அக்கா... எதுக்கு இப்ப அதெல்லாம்..."

"இந்த நாத்தம் எனக்குத் தெரியும் கண்ணு! கேஷுவாலிட்டியில நாலு வருசம் இருந்திருக்கறன். எலிப் பாஷாணம் தின்னுட்டு வர்றவங்ககிட்ட அடிக்கும்!"

உமாதேவியின் முகம் வெளுத்தது.

"வேணாம் அக்கா. அவரை நிம்மதியா எரிக்கட்டும். கிழிச்சுப் பாக்கணும்னுவாங்க. எனக்குத் தாங்காது."

பாவம், துக்கம் அவளைப் பேச வைக்கிறது என்று நினைத்தாள் வடிவு. அவள் கன்னத்தைத் தடவிவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

"சிஸ்டர்...! டாக்டரம்மாவைக் கூப்பிடுங்க...! சீக்கிரம்...!"

டாக்டர் காவேரி முகமூடியோடு வந்தார். ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்றார். வடிவு சொன்னதைப் பாதியில் வெட்டாமல் கேட்டார்.

"ஷ்யூரா சொல்றீங்களா வடிவம்மா? தப்பா இருந்தா போஸ்ட்மார்ட்டம் பண்றவங்க உயிருக்கே ரிஸ்க்."

"இருபது வருசத்துல நான் ஒருதரம்கூடப் பொய் சொல்லலீங்கம்மா."

டாக்டர் ஒரு விநாடி அவளையே பார்த்தார். பிறகு போனை நோக்கி ஓடினார்.

சுடுகாட்டில் விறகு அடுக்கியாகிவிட்டது. மண்ணெண்ணெய் டின்னின் மூடியைத் திறந்த நேரத்தில் மஞ்சுநாத்தின் ஜீப் உள்ளே பாய்ந்தது.

"நில்லிசி...! நிறுத்துங்க...!"

* * *

வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணி. மஞ்சுநாத் முகமூடி இல்லாமலே ஜன்னலுக்கு வந்தார். அதைப் பார்த்ததுமே வடிவுக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது.

"பிளேக் இல்லேம்மா! ரத்தம், சளி எல்லாம் சோதிச்சாச்சு. சுத்தம்! வயித்துல எலிப் பாஷாணம். நீங்க சொன்னது கரெக்ட்!"

"யாருங்க சார் வெச்சது?"

"லிங்கப்பன். செவ்வாய்க்கிழமை வந்தப்போ பிளேக்குக்கு நல்லதுன்னு நாட்டு வைத்தியர்கிட்ட ஒரு பாட்டில் கஷாயம் வாங்கிட்டு வந்திருக்கான். சமையல்கட்டுல பாதி பாட்டில் மிச்சம் இருந்துச்சு. அதுல பாஷாணம்!"

"அட பாவி...!"

"வீட்டுல பாதி பங்கு கேட்டு அண்ணன்கூட சண்டையாமே? நீங்களே காதால கேட்டீங்களாமே?"

"கேட்டனுங்க. செவ்வாய்க்கிழமை மத்தியானம் சுவர் அதிர்ற மாதிரி கத்தினாரு. 'நீ இருக்கறவரைக்கும் எனக்குக் கிடைக்காது'ன்னாரு."

"அவன் 'கஷாயம்தான் சார் கொண்டாந்தேன், விஷம் தெரியாது'ன்னு அழறான். எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. லாக்கப்புல இருக்கான்."

உமாதேவி முழங்காலைக் கட்டிக்கொண்டு குலுங்கினாள். வடிவு அவளை அணைத்துக்கொண்டாள்.

"அழுவாத கண்ணு. உனக்கு நான் இருக்கறன். இனி அந்த வீட்டுல நாம ரெண்டு பேரும்தான். நீ ஒரு உலை வெச்சா நான் ஒரு கொழம்பு வெக்கறேன்."

சொல்லும்போதே வடிவின் மனசுக்குள் ஏதோ ஒன்று கோலம் போட ஆரம்பித்திருந்தது. இருபது வருடத்துக்குப் பிறகு வீடு திரும்பினால் கதவைத் திறக்க ஒரு ஆள்!

* * *

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டிஸ்சார்ஜ்.

வெளியே மரத்துக்கு மரம் தசரா விளக்கு ஒயரை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வடிவு புடவையை மடித்தாள். உமாதேவி தலையணையைத் தூக்கினாள். அடியிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து வடிவின் கையில் வைத்தாள்.

"இது உங்களுக்கு அக்கா."

"என்ன கண்ணு?"

"பிரிச்சுப் பாருங்க."

பிரித்தாள். மஞ்சளும் ஆரஞ்சுமாக கேப்ஸ்யூல்கள். டெட்ராசைக்ளின்.

"ஊரே இதுக்கு அடிச்சுக்குது இல்லையா? நீங்க திரும்பவும் இந்த வார்டுலதான் வேலை பாக்கணும். நாளைக்கு நிஜமாவே யாராவது நோயாளி வந்தா? உங்களுக்குன்னு சேத்து வெச்சேன்."

தனக்கென்று ஒருத்தி சேர்த்து வைத்திருக்கிறாள்... தன் உயிரைப் பற்றி ஒருத்தி யோசித்திருக்கிறாள்...

விரல் தானாகவே எண்ணியது.

பத்து... பதினொன்று... பன்னிரண்டு.

புதன்கிழமை மத்தியானத்திலிருந்து இன்று காலை வரை, டிஸ்சார்ஜ் ஆகும்வரை நிறுத்தாமல், நர்ஸ் வைத்துவிட்டுப் போனது, ஆளுக்குப் பன்னிரண்டு.

இரண்டு கேப்ஸ்யூல் உருண்டு தரையில் விழுந்தன.

"உமா..."

"என்ன அக்கா?"

"ஒண்ணுகூட முழுங்கலையா நீ?"

உமாதேவியின் சிரிப்பு உதட்டிலேயே நின்றது.

"பிளேக் இல்லைன்னு இன்ஸ்பெக்டர் சொன்னது நேத்து. வெள்ளிக்கிழமை. நீ புதன்கிழமையே மாத்திரை போடலை. ஏன்?"

"அது... அவரே போயிட்டாரு... நானும் போயிடலாம்னு..."

"போகோணும்னு நினைக்கறவ, ரெண்டு வேளையும் தட்டைத் தொடைச்சு வெக்க மாட்டா கண்ணு. எனக்கும் ஊட்டிவிட மாட்டா."

உமாதேவி குனிந்து, விழுந்த கேப்ஸ்யூல்களைப் பொறுக்கினாள்.

"இந்த ஊர்ல என்னைக் கண்டு எல்லாரும் பயந்தாங்க. டாக்டரம்மாகூட கம்பிக்கு வெளியதான் நின்னாங்க. நீ ஒருத்திதான் பயப்படலை. உனக்கு மனசு பெருசுன்னு நினைச்சேன்." வடிவின் குரல் உடைந்தது. "பிளேக் இல்லைன்னு உனக்கு முன்னாடியே தெரியும். அதானே?"

எங்கோ தூரத்தில் ஸ்டிரெச்சர் சக்கரம் கிறீச்சிட்டது.

உமாதேவி கட்டிலில் உட்கார்ந்தாள். நிதானமாக.

"பதினாலு வருஷம் அக்கா. காலையில வேலைக்குப் போறப்போ வாசல் கதவுல நூல் கட்டிட்டுப் போவாரு. சாயங்காலம் வந்து நூல் அறுந்திருக்கான்னு பாப்பாரு. அறுந்திருந்தா பெல்ட். காத்துல அறுந்தாலும் பெல்ட். எங்க அம்மா செத்ததுக்கே போக விடலை."

வடிவு கைக்குட்டையைக் கட்டில்மேல் வைத்தாள்.

"ரிடையர் ஆனாரு. நூல்கூட வேண்டியிருக்கலை. அவரே வாசல்ல உக்காந்துக்கிட்டாரு. ஆகஸ்ட்ல படியில விழுந்து கால் ஒடிஞ்சது. அந்த ரெண்டு மாசம்தான் நான் மார்க்கெட்டுக்குப் போனேன். பூ வாங்கினேன். பஸ்ல ஜன்னலோரம் உக்காந்தேன். வர்ற திங்கட்கிழமை கட்டு பிரிக்கறதா இருந்துச்சு அக்கா..."

"அதுக்கு..."

"ரேடியோல பிளேக்னு சொன்னாங்க. செத்தா உடனே எரிச்சுடறாங்கன்னு சொன்னாங்க. ஆனா திடீர்னு எங்க வீட்டுக்குள்ள பிளேக் எப்படி வரும்? யாராவது கொண்டுவரணும் இல்லையா? அதனால, காசு வரும்னு அவரைச் சம்மதிக்க வெச்சு, 'வாடகைக்கு'ன்னு போர்டு மாட்டினேன். அஞ்சு பேர் வந்தாங்க. பேங்க்ல வேலை, ஸ்கூல்ல வேலைன்னாங்க. இல்லைன்னு அனுப்பிட்டேன். ஆறாவதா நீங்க வந்தீங்க. பிளேக் வார்டு ஆயான்னீங்க..."

அந்த வாசல். அந்தக் கை. அந்தக் காபி.

ஒரு கல் நெற்றியில் பட்டபோது இவ்வளவு வலிக்கவில்லை.

"லிங்கப்பன் என்ன பண்ணினான்?"

"ஒண்ணும் இல்லை. கஷாயம் கொண்டுவந்தான். கசப்போட கசப்பா நான்தான் கலந்து கொடுத்தேன். எப்பவாவது சந்தேகம் வந்தாலும் அவன்மேல போகட்டும்னு பாட்டிலை அங்கேயே வெச்சேன்."

"என்மேல வந்த பழி அப்படியே நின்னிருந்தா? ஊர்ல ஒருத்தன் எனக்கு வீடு கொடுத்திருப்பானா?"

உமாதேவி நிமிர்ந்தாள். அவள் கண்களில் நிஜமான ஆச்சரியம்.

"எதுக்கு அக்கா வேற வீடு? என்கூடவே இருந்திருக்கலாமே? அந்த மூணு நாள்... நீங்க வேலை முடிஞ்சு வர்ற சத்தத்துக்காக நான் காத்துக்கிட்டிருந்தேன். அது சுள்ளு இல்லை அக்கா. பொய் இல்லை."

பொய் இல்லை என்று வடிவுக்கும் தெரிந்தது. அதுதான் கொடுமை.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஒரு வீடு. ஒரு துணை. காபி. கதவைத் திறக்க ஒரு ஆள்...

லாக்கப்பில், செய்யாத கொலைக்காக அழுதுகொண்டிருக்கும் ஒருவன்.

வடிவு எழுந்தாள். நர்ஸ் மேஜையில் இருந்த டெலிபோனை நோக்கி நடந்தாள். பதினைந்து அடி தூரம். அவள் வாழ்க்கையில் நடந்த மிக நீளமான நடை.

"போன் பண்ணப் போறீங்களா அக்கா?"

"ஆமா கண்ணு."

"பண்ணுங்க. நான் அதுக்குள்ள தலை பின்னிக்கறேன். நீங்களே பின்னிவிடறீங்களா?"

டயலைச் சுழற்றின விரல் ஒரு கணம் நின்றது.

"பின்னிவிடறேன். அவரு வர்றதுக்கு அரை மணியாகும்," என்றாள் வடிவு. ரிசீவருக்குள் பேசினாள். "இன்ஸ்பெக்டர் சாருங்களா? நான் ஆஸ்பத்திரி வடிவு..."

* * *

தசரா முடிந்து ஊர் ஓய்ந்திருந்தது. பிளேக்கும் பேப்பரின் ஆறாம் பக்கத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் பாதி முகங்கள் இன்னும் கைக்குட்டைக்குள்தான் இருந்தன.

ஸ்டேஷனில் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டாள் வடிவு. மஞ்சுநாத் டீ வரவழைத்தார்.

"அந்தம்மா எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாங்க. ஒரு வார்த்தை மாத்தலை. ஜெயில்ல எப்படி இருக்காங்க தெரியுமா? கூட இருக்கற பதினோரு பேரோடயும் பேசிக்கிட்டே இருக்காங்களாம். வார்டர் சொல்லிச் சிரிக்கறாங்க."

வடிவு சிரிக்கவில்லை. "நேத்து நானும் போயிருந்தேனுங்க. பூ கொண்டுபோனேன். உள்ள விடமாட்டோம்னுட்டாங்க."

"கொலைகாரிக்குப் பூவா?"

"எனக்கு ஊட்டின கைங்களே சார்..."

மஞ்சுநாத் டீயை உறிஞ்சினார். பேச்சை மாற்றினார்.

"அந்த வீடு சீல் வெச்சாச்சு. நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"வார்டுலயே படுத்துக்கிட்டேன், பத்துக் கட்டில்ல ஒண்ணு. இன்னிக்குத்தான் வீடு மாத்தறேன். ஒண்டிக்கொப்பல்ல கிடைச்சிருக்குது."

"பாத்து, ஜோக்கே... ஜாக்கிரதையா போங்கம்மா. ஓனர் எப்படிப்பட்டவர்? நல்லா விசாரிச்சீங்களா?"

"விசாரிச்சனுங்க சார். என்னைக் கண்டா இருபது அடி தள்ளி நிக்கறாரு. வீட்டுச் சாவியைக்கூட மாடியிலேர்ந்து தூக்கித்தான் போட்டாரு." வடிவு காலி டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தாள். "இவ்வளவு பாதுகாப்பான ஓனர் மைசூர்ல வேற யாரும் கிடைக்க மாட்டாங்க சார்!"